பேரு போடுற எடம்

கானா எத்திராஜு செத்துப்போனது ஒரு செவ்வாக்கெழம மத்தியானம், வியாசர்பாடி எஞ்சின் லைன்ல, சாமியானாவுக்குக் கீழ, கையில மைக்கோட. நெஞ்சு வலி இல்ல, ரத்தம் இல்ல, ஒரு இருமல்கூட இல்ல. பாட்டுல பேரு போடுற எடம் வந்துச்சு, செத்தவரு பேரப் போட வேண்டிய எடத்துல தன் பேரப் போட்டுட்டான். அவ்ளோதான் விஷயம்.

சாவு வீட்டு கானா கேக்காதவங்களுக்காக இதச் சொல்லணும், அப்புறம் புரியலன்னு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கக் கூடாது. செத்தவரு என்ன வேல செஞ்சாரு, யாரக் கட்டுனாரு, யாருகூட மல்லுக்கு நின்னாரு, எந்த மீனுக்கு நாக்கத் தொங்கப் போட்டாருன்னு எல்லாத்தையும் பாடிக்கிட்டே வந்து, கடைசியில டோலக்கு ஒரு அடி நிக்கும், அந்த ஒரு அடி காலியா இருக்குற எடத்துல செத்தவரு பேர வெக்கணும். பேரு விழுந்தாத்தான் எஞ்சின் லைன்ல ஒருத்தரு செத்தாருன்னு அர்த்தம், அதுக்கு முன்னாடி டாக்டரு என்ன சொன்னாலும் அது டாக்டரோட அபிப்பிராயம். பேருக்கப்புறம் வழியனுப்புற அடி ஒண்ணு வரும், அதையும் பாடி முடிச்சாத்தான் தூக்கலாம். மேடையில, கல்யாணத்துல, கட்சி மீட்டிங்ல பாடுற கானாவுலயும் பேரு போடுற எடம் உண்டு, ஆனா அங்க செத்தவங்க யாரும் இல்லாததால பாடுறவன் தன் பேரப் போட்டுக்குவான், ஜனம் விசிலடிக்கும்.

எத்திராஜு ரெண்டையும் பாடுனவன். ஹார்பர்ல மூட்ட தூக்குற மாசிலாமணியோட அம்மா, பூக்காரி முனியம்மா, செத்தன்னிக்கு, பெஞ்சக் கவுத்துப் போட்டு அதுலயே தாளம் தட்டி அவன் பாடுனான்:

மல்லி கட்டும் கையி – அது
மடங்கிப் போச்சே மெய்யி
எல்லாத்தையும் போட்டுட்டு – நம்ம
முனியம்மா போறா

எஞ்சின் லைனே மூக்கச் சிந்துச்சு. வழி கேக்க கார நிறுத்துன ஒரு சினிமா டைரக்டரு மட்டும் சிந்தல, ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணிக்கிட்டாரு. அந்த வருஷத்துக்குள்ளயே அதே மெட்டு தியேட்டருக்கு வந்துடுச்சு, மல்லி கட்டும் கையி மாமன் மேல வையின்னு, முனியம்மா பேரு இருந்த எடத்துல எத்திராஜு பேரோட. சாவுல பாடுனப்ப சத்தம்னு போலீஸ்ல சொல்லி நிறுத்துனவங்க, சினிமாவுல வந்ததும் மக்கள் இசைன்னு பேப்பர்ல எழுதுனாங்க. ரெண்டு தடவையும் பாட்டக் கேட்டவங்க யாரும் கெடையாது.

அதுக்கப்புறம் பதினஞ்சு வருஷம் அவன் அந்தப் பாட்டத்தான் பாடுனான், மலேசியாவுல பாடுனான், துபாய்ல பாடுனான், நகைக்கட தெறப்பு விழாவுல பாடுனான், எம்.எல்.ஏ. பொண்ணு காது குத்துல பாடுனான், காய்ச்சல்ல பாடுனான், பொண்டாட்டி லில்லிக்கு ஆஸ்பத்திரியில ஆபரேஷன் நடக்கும்போது காஞ்சிபுரத்துல ஒரு மண்டபத்துல நின்னு பாடுனான், பாடி முடிச்சு மூச்ச விடுறதுக்குள்ள கூட்டம் ஒன்ஸ் மோர்னு கத்தும், மறுபடி பாடுனான், புதுசா எழுதுன பாட்ட எடுத்தா ஜனம் எழுந்து பிரியாணி பக்கம் போச்சு, பழச எடுத்தா திரும்பி வந்து உக்காந்துச்சு. அவன் காரு வாங்குனான், வளசரவாக்கத்துல ஃப்ளாட் வாங்குனான், தூக்கத்த மட்டும் எங்கயோ வெச்சுத் தொலச்சுட்டான்.

இப்படி இருக்கையிலதான் மாசிலாமணி செத்தாரு. அவரு பொண்டாட்டி கஸ்தூரிகிட்ட ஒரே ஒண்ணு சொல்லி வெச்சிருந்தாரு. "எங்கம்மா மெட்டுல, எத்திராஜு வாயால, என் பேர வெக்கணும். மத்தத நீ என்னா வேணா பண்ணிக்கோ." சொல்லி அனுப்புனாங்க. எத்திராஜு ஏர்போர்ட்லேர்ந்து நேரா வந்தான், ரெண்டு நாளு கண்ணு மூடல. முன்னெல்லாம் சாவு வீட்டுக்குப் போனா குடும்பத்தோட தரையில குந்தி, செத்தவரப் பத்தி ஒவ்வொண்ணா கேப்பான். இப்ப மேனேஜரு ஃபோன்ல அனுப்பிருந்தாரு: ஹார்பர், வயசு அறுபத்தெட்டு, நல்ல மனுஷன். அதப் பாத்துக்கிட்டே பாடுனான். டோலக்கு நின்னுச்சு. அந்தக் காலி எடம் வந்துச்சு. நாக்கு பதினஞ்சு வருஷமா போயிப் பழகுன தடத்துல தானா போயிடுச்சு:

எல்லாத்தையும் போட்டுட்டு – நம்ம
எத்திராஜு போறான்

யாரும் விசிலடிக்கல. ஐஸ் பொட்டிக்குள்ளேர்ந்து டொக்கு டொக்குன்னு சத்தம் வந்துச்சு. கஸ்தூரி போயி கண்ணாடி மூடியத் தூக்குனா. மாசிலாமணி எழுந்து குந்தி, வாய்க்கட்ட அவுத்து, நெத்திக்காச எடுத்துப் பாத்துட்டு, "எம்மே, டீ சொல்லு"ன்னாரு.

"மொதல்ல வாய கொப்புளி"ன்னா கஸ்தூரி.

கால் கட்ட அவுத்து விட்டாங்க. டீ வந்துச்சு. அப்புறம் ஒரு சங்கடம். பாடை கட்டியாச்சு, மால வந்தாச்சு, சொந்தக்காரங்க திண்டிவனத்துலேர்ந்து வேனெடுத்து வந்தாச்சு, பாட்டுல பேரும் விழுந்தாச்சு. எல்லாரும் மெதுவா எத்திராஜு பக்கம் திரும்புனாங்க. யாரோ ஒருத்தரு வந்து கையில இருந்த மாலைய அவன் கழுத்துல போட்டு, கையெடுத்துக் கும்புட்டுட்டு, "நல்ல மனுஷன்"ன்னு சொல்லிட்டுப் போனாரு. டோலக்குக்காரரு ஒதுங்கி நின்னு அழுதாரு. வழியனுப்புற அடியப் பாட வேண்டியவனே செத்துட்டதால பாட்டு அப்படியே பாதியில நின்னுச்சு, பேரு போட்டாச்சு ஆனா அனுப்பல, அதனால எத்திராஜு செத்தும் போகாம, கார எடுத்துக்கிட்டு வளசரவாக்கத்துக்கு வீட்டுக்குப் போனான்.

லில்லி அதுக்குள்ள ஹால்ல ஃபோட்டோ மாட்டி, சின்ன செகப்பு பல்பு போட்டிருந்தா. தட்டுல சோறு போட்டு மொதல்ல ஃபோட்டோவுக்கு முன்னாடி வெச்சுட்டு, அப்புறம் எடுத்து அவன்கிட்ட தந்தா.

"ஆறிப்போச்சே லில்லி."

"செத்தவங்களுக்கு சுடச்சுட வேணுமா? உயிரோட இருந்தப்ப ஒரு வேள இந்த வீட்ல சாப்ட்டிருப்பியா? செத்தப்புறந்தான்யா மூணு வேளையும் குடும்பம் நடத்துற."

தட்ட வாங்கி மடியில வெச்சுக்கிட்டான். சாப்ட்டான்.

ஊரு பழகிக்கிச்சு. ஊருக்கு எதுவும் பழகிப்போகும், கால்வா நாத்தம் பழகல? டீக்கட சுல்தானு மொத டீய எத்திராஜு படத்துக்கு வெச்சுட்டு, அது ஆடை கட்டுனப்புறம் எத்திராஜுக்குத் தந்தாரு. சின்னப் பசங்க அவன் மடியில உக்காந்துக்கிட்டே "எத்திராஜு மாமா சாமிகிட்ட போயிட்டாரு"ன்னு சொல்லுச்சுங்க. நாய்ங்க அவன் போனா கொரைக்கல. எஞ்சின் லைன்ல, கால்வா ஓரத்துல, உடம்புல ரத்தம்னு ஒண்ணு இருக்குற எல்லாரையும் கடிக்கிற கொசு அவனக் கடிக்கல. செத்ததுல கெடைச்ச ஒரே வசதி அதுதான். ஆனா தூக்கம்? செத்தா தூங்கலாம்னு எவனோ கெளப்பி விட்டிருக்கான். படுத்தா கண்ணு மூடாது, மல்லாந்து ஃபேனப் பாத்துக்கிட்டே கெடப்பான், உயிரோட இருந்த அசதி ஒரு பொட்டு கொறையாம அப்படியே கூட வந்திருந்துச்சு.

ஆடியோ கம்பெனி பாஸ்கரு பழக்கூடையோட துக்கம் கேக்க வந்தாரு. கூடைய ஃபோட்டோவுக்கு முன்னாடி வெச்சுட்டு, சோஃபாவுல எத்திராஜு பக்கத்துல உக்காந்து, அவன் தொடையத் தட்டிச் சொன்னாரு.

"அண்ணே, உசுரோட இருந்தப்ப உங்கள எழுப்பி எழுப்பி இழுத்துக்கிட்டு அலைஞ்சோம். இப்ப ஒரே ஒரு ஒதவி. தயவுசெஞ்சு எழுந்துராதீங்க."

"எவ்ளோ நாளைக்கு பாஸ்கரு?"

"பாட்டு பிக்கப் ஆயிருக்குண்ணே. ஜனங்க அழுதுகிட்டே கேக்குறாங்க. உங்க புதுப் பாட்டெல்லாம்கூட கேக்குறாங்கண்ணே, எழுந்து போனாங்களே, அதே பாட்டு."

எத்திராஜு கடைசிப் பாட்டுன்னு ஒண்ணு வந்துச்சு, அப்புறம் கடைசிக்குக் கடைசிப் பாட்டுன்னு ஒண்ணு, அப்புறம் கெடைக்காமப் போன கடைசிப் பாட்டுன்னு ஒண்ணு. அவனத் திட்டி எழுதுன பேப்பருக்காரங்க ரெண்டு பக்கம் இரங்கல் எழுதுனாங்க. தெருமொனையில செல வெச்சாங்க, செலைக்கு செத்தவனே போயி நின்னு அளவு குடுத்தான். செல செய்யிறவரு "ஆடாதீங்க"ன்னாரு. "நான் எங்கப்பா ஆடப் போறேன்"ன்னான்.

செல தெறப்பு விழா அன்னிக்குத்தான் அது தெரிஞ்சுது. செலைய மூடியிருந்த துணிய இழுக்குற கயித்த அவன் கையிலயே குடுத்தாங்க, இழுத்தான், ஜனம் அழுதுச்சு, எவனோ மைக்க நீட்டி "தலைவா, செத்தாலும் நாலு வரி"ன்னான். எத்திராஜு கண்ண மூடி, வாயத் தெறந்து, மல்லி கட்டும் கையின்னு எடுத்தான். தொண்ட அசஞ்சுது, நரம்பு பொடச்சுது, சத்தம் வரல. பேசுனா வருது, பாடுனா வரல. செத்தவங்களுக்குப் பாடலாம், செத்தவங்க பாட முடியாது, அது அவனுக்கே தெரிஞ்சிருக்கணும். மைக் செட்டுக்காரரு சுதாரிச்சுக்கிட்டு பழைய ரெக்கார்டப் போட்டுட்டாரு. எல்லாரும் கை தட்டுனாங்க. ஒன்ஸ் மோர்னு கத்துனாங்க.

அப்புறம் ஒரு நாளு சுல்தான் கடையில, ஆடை கட்டுன டீயோட உக்காந்திருக்கான், டீவியில அவன் கொரலு பாடுது. பாத்திரம் தேய்க்கிற சோப்பு பத்தி பாடுது. அப்படி ஒரு பாட்ட அவன் வாழ்நாள்ல பாடுனதில்ல.

"புதுசா தலைவரே?"ன்னாரு சுல்தானு.

"தெரியலயே."

"நல்லாத்தான் இருக்கு. கம்ப்யூட்டர்ல பண்றாங்களாம், ஆளே தேவையில்லயாம்."

பாட்டு கடைசியில அந்த எடம் வந்துச்சு. டோலக்கு நின்னுச்சு. அவன் பேரு இருக்க வேண்டிய காலி அடியில சோப்போட பேரு விழுந்துச்சு. எத்திராஜு கிளாசக் கீழ வெச்சான். அவனுக்குக் காரு வேணாம், ஃப்ளாட்டு வேணாம், செலைய காக்காவுக்கே எழுதி வெச்சுடலாம், ஆனா அந்தத் தொண்ட அவன்து. அது அவனுக்குத் திரும்ப வேணும். அதுக்கு ஒரே வழிதான் இருந்துச்சு, அந்த வழி அடுத்த சந்துல ப்ளாஸ்டிக் சேர்ல குந்திக்கிட்டு இருந்துச்சு.

மத்தியான நேரம். கஸ்தூரி வாசல்ல ஒக்காந்து கானாங்கெளுத்தி ஆஞ்சுக்கிட்டு இருந்தா. மாசிலாமணி கால நீட்டிக்கிட்டு தெருவப் பாத்துக்கிட்டு இருந்தாரு.

"வா எத்திராஜு. செத்தவன் வாசல்ல நிக்காத, உள்ள வா"ன்னாரு.

"ணா, ஒரு வார்த்த பேசணும்."

"பேசு. என்னைய மறுபடி படுக்கச் சொல்லப் போற, அதான?"

எத்திராஜு தலையக் குனிஞ்சுக்கிட்டான். கஸ்தூரி மீனு வெட்டுற கையோட நிமிந்தா.

"ஏன்டா, இவரு படுத்தா உனுக்கு இன்னோரு படம் வருமா?"

"தொண்ட வேணும்கா. பாடுனா சத்தம் வர்ல."

"வர்லன்னா என்னா? ஊரெல்லாம் உன் கொரலுதான கேக்குது. சோப்புக்குக்கூட."

"அது நான் இல்லக்கா."

"எங்க மாமியாருக்குப் பாடுன பாட்டு சினிமாவுல வந்தப்ப நாங்களும் அதேதான் சொன்னோம், அது எங்க கெழவி இல்லன்னு. எவன்டா கேட்டான்?"

கத்தி பலகையில பட்டுனு விழுந்துச்சு, ஒரு மீன் தல தனியாப் போச்சு. அப்புறம் மாசிலாமணிதான் பேசுனாரு, கோவமா இல்ல, பாரத்த எறக்கி வெச்சவரு மாதிரி.

"அந்தப் பொட்டிக்குள்ள எம்மாம் குளுரு தெரியுமா? காதத் தீட்டிகினு கெடந்தேன். நாப்பது வருஷம் மூட்ட தூக்குனேன், எவனும் என் பேர மைக்குல சொன்னதில்ல. மேஸ்திரி நம்பர் சொல்லித்தான் கூப்புடுவான். ஒரே ஒரு வாட்டி, எங்கம்மா பேருக்குப் பக்கத்துல, என் பேரு வரும்னு கெடந்தேன். வந்துச்சு பாரு பேரு. உன்து. அப்போ இது என் சாவே இல்லியே, இங்க எதுக்கு வெறச்சிகினு கெடக்கணும்னு எழுந்து குந்திட்டேன்."

எத்திராஜு வாசப்படியில அப்படியே ஒக்காந்துட்டான். "தப்புதாண்ணா"ன்னான்.

"தப்புன்னு ஊருக்கே தெரியும். அத வெச்சு நான் என்னா பண்றது? முதுகு வலி திரும்ப வந்துடுச்சு. தூக்கம் வர்ல. இவளும் நானும் முப்பது வருஷத்து சண்டையெல்லாம் மறுபடி ஒரு ரவுண்டு போட்டு முடிச்சாச்சு, புதுசா சண்ட போட விஷயமே இல்ல."

"இருக்குது"ன்னா கஸ்தூரி. "நீ தேடல."

"என் பேர வெச்சின்னா நான் பாட்டுக்குப் போறேன்டா. எவன் இங்க உக்காந்திருக்க ஆசப்பட்டான்? ஆனா உனுக்குத்தான் சத்தம் வர்லன்றியே."

எத்திராஜு தொண்டையச் செருமி, மல்லி கட்டும் கையின்னு ஒரு வரி எடுத்தான். வாயி அசையிறது மட்டும் கஸ்தூரிக்குத் தெரிஞ்சுது, வேற ஒண்ணும் இல்ல. மாசிலாமணி மூஞ்சியச் சுளிச்சாரு.

"சுதி எறங்கியிருக்கு."

"ணா! கேக்குதா?"

"பொட்டிக்குள்ள போயி வந்த காதுடா இது. கேக்காம?"

கஸ்தூரி கையக் கழுவிட்டு வந்து, ரெண்டு பேருக்கும் நடுவுல தரையில குந்துனா. புருஷன் மூஞ்சியப் பாத்தா, ரொம்ப நேரம் பாத்தா. அந்தாளு எழுந்த நாளுலேர்ந்து கண்ண மூடாம அதே சேர்ல குந்தி, பேருக்குக் காத்துக்கிட்டு இருக்குறது அவளுக்குத் தெரியாதா என்ன. மூக்க முந்தானையில தொடச்சா.

"முழுசாப் பாடணும். நல்ல மனுஷன், தங்கமான மனுஷன்னு ஒப்பேத்துன, உன் செலைய நானே இடிப்பேன்."

"சொல்லுக்கா. ஒவ்வொண்ணா சொல்லு."

அன்னிக்கு மத்தியானம் எத்திராஜு பல வருஷத்துக்கப்புறம் ஒரு சாவு வீட்ல தரையில குந்தி, கேட்டான். அவ சொன்னா, அவரு மறுத்தாரு, அவரு சொன்னாரு, அவ சிரிச்சா. கப்பல்லேர்ந்து கோதும எறக்குனது, கொக்கி கிழிச்ச தோளு, மீன் தல யாருக்குன்னு தெனம் நடந்த சண்ட, கொழந்த இல்லன்னு ஒரு நாளும் அவளச் சொல்லிக் காட்டாதது, ஆனா குடிச்சா தெருவுல நின்னு அவ அண்ணன அசிங்கமாத் திட்டுனது. "அதப் போடாதடா"ன்னாரு மாசிலாமணி. "போடுறா"ன்னா கஸ்தூரி. மீன் கழுவுன அலுமினிய அன்னக்கூடையக் கவுத்து மடியில வெச்சுக்கிட்டு எத்திராஜு தாளம் புடிச்சான். மாசிலாமணி சேர்லேர்ந்து எறங்கி, வாசப்படிக்கு உள்பக்கமா ரூமுல பாயி விரிச்சு, முதுகப் புடிச்சுக்கிட்டு மெதுவா படுத்தாரு.

கஸ்தூரிக்குத் தாளம் மட்டும் கேட்டுச்சு. பாட்ட அவ புருஷன் மூஞ்சியிலதான் பாத்தா. ஒரு எடத்துல சிரிச்சாரு, அது மீன் தலையா இருக்கும். ஒரு எடத்துல கண்ணத் தொடச்சாரு. ஒரு எடத்துல கையெடுத்து அவளக் கும்புட்டாரு, அது எதுன்னு அவளுக்குப் புரிஞ்சுது, "அய்ய, சும்மா கெட"ன்னா.

அப்புறம் தாளம் ஒரு அடி நின்னுச்சு.

எத்திராஜு நாக்குல அவன் பேரு வந்து உக்காந்துடுச்சு. கூப்புடாமயே வந்துச்சு. பதினஞ்சு வருஷத்து விசிலும் கை தட்டலும் அதத் தள்ளிக்கிட்டு வந்து பல்லு வரைக்கும் நிறுத்துச்சு, வாயத் தெறந்தா அது குதிச்சுடும், காலி அடி நீண்டுக்கிட்டே போச்சு, நெத்தியில வேர்வ பொடிச்சுது, செத்தவனுக்கு வேர்க்காதுன்னு அவனுக்கு அப்ப தோணல. பாயிலேர்ந்து மாசிலாமணி அவனயே பாத்துக்கிட்டு இருந்தாரு, அந்தக் கண்ணுல கெஞ்சல்கூட இல்ல, வெறும் அசதி. எத்திராஜு தன் பேர அப்படியே முழுங்குனான். மீன் முள்ளு மாதிரி தொண்டையக் கீறிக்கிட்டு எறங்குச்சு.

எல்லாத்தையும் போட்டுட்டு – நம்ம
மாசிலாமணி போறாரு

கஸ்தூரிக்குக் காது தெறந்துச்சு. பேரு கேட்டுச்சு, அவ புருஷன் பேரு, கரகரன்னு, மைக்கு இல்லாம, அந்த ஒத்த ரூமு முழுக்க. அப்புறம் வழியனுப்புற அடி கேட்டுச்சு:

கப்பலு எறக்குன தோளு – அது
கட்டாந்தர கேக்குது கேளு
மீனு தலைக்குச் சண்ட – இனி
யாரு வருவா அண்ட

மாசிலாமணி கண்ண மூடியிருந்தாரு. நல்லாத் தூங்குற ஆளு மாதிரி வாயி லேசா தெறந்திருந்துச்சு. கஸ்தூரி முந்தானையக் கிழிச்சு அதப் பதமா கட்டுனா. கத்தி அழல. தெருவுல ஒரு நாயி எத்திராஜு செருப்பப் பாத்துக் கொரைக்க ஆரம்பிச்சுது. கழுத்துல சுருக்குன்னு ஏதோ குத்துச்சு, கொசு. அடிக்கக் கை தானா மேல போச்சு, அப்புறம் எறக்கிட்டான், குடிக்கட்டும்.

அவனுக்குத் தூக்கம் வந்துச்சு. பதினஞ்சு வருஷத்துத் தூக்கம் மொத்தமா வந்து கண்ணுல எறங்குச்சு, அன்னக்கூட மேலயே தலைய வெச்சுடலாம்போல இருந்துச்சு. எழுந்துக்கப் பாத்தான். கஸ்தூரி அவன் சட்டையப் புடிச்சு இழுத்து உக்கார வெச்சா.

"எங்க போற? எனுக்குப் பேருலேர்ந்துதான கேட்டுச்சு. மொதல்லேர்ந்து பாடு."